மீன் தராசில் ஒரு மனிதன்

பேரன்ட்ஸ் கடலில் பதினோராம் நாள்.
வின்ச்சின் கம்பி அறுந்து
ரோக்வியின் தொடையில் இறங்கியபோது
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
மருந்துப் பெட்டியின் சாவி என் கழுத்தில்.
எங்கள் டிராலரில் அது சமையல்காரனிடம்தான் இருக்கும்;
கத்தியும் அவனிடம், மார்பினும் அவனிடம்.

செயற்கைக்கோள் தொலைபேசியில்
தோர்ஷாவ்னிலிருந்து டாக்டர் சுன்வா.
பேரைக் கேட்கவில்லை. வயதைக் கேட்டார்.
பிறகு, "எடை?"

தொண்ணூறு என்றான் ஹானுஸ்.
நூற்றிப் பத்து என்றார் கேப்டன்.
நான் சூப் ஊற்றுகிறவன்.
மூன்று கிண்ணம் குடிக்கிற ஆள் என்பதற்கு மேல்
எனக்கு அவன் எடை தெரியாது.
"ஊகம் வேண்டாம்" என்றார் டாக்டர்.
"ஒரே அளவு
ஒருவருக்கு வலியை மட்டும் நிறுத்தும்,
இன்னொருவருக்கு மூச்சையும்."

கீழ்த்தளத்தில் காட் மீன் நிறுக்கும் தராசு இருக்கிறது.
அலை தூக்குவதையும் தாழ்த்துவதையும்
தானே கழித்துக்கொண்டு சரியாகச் சொல்லும்,
கப்பலிலேயே பொய் தெரியாதது அது ஒன்றுதான்.
செதில் ஒட்டிய நீலத் தொட்டியில் அவனைக் கிடத்தினோம்.
நூற்று இருபத்தொன்று.
தொட்டி பதினான்கு, கழி.
எண்ணெய்ச் சட்டையும் பூட்ஸும் ஏழு, கழி.
காலோடு கட்டிய பலகை இரண்டு.
இரத்தத்தை யாரும் கழிக்கவில்லை,
அது தானாகவே கழிந்துகொண்டிருந்தது.

"தொண்ணூற்றெட்டு" என்று கத்தினேன்,
ஏதோ பிடிபட்ட மீனைப் போல.

அப்போதுதான் அந்த இரண்டாவது கேள்வி:
"இந்த வகை மருந்து முன்பு எடுத்ததுண்டா?"

தராசு வாயே திறக்கவில்லை.
ரோக்வி இல்லை என்று தலையசைத்தான்,
கேப்டனைப் பார்த்துக்கொண்டே.
பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்,
காதோடு காதாக:
"எனக்குக் கொஞ்சம் போதாது. உனக்குத் தெரியுமே."

தெரியும்.
தோள் இறங்கிய அந்தக் குளிர்காலம்,
சீட்டில் எழுதியது ஒரு மாத்திரை.
அடுத்த குளிர்காலத்தில் நான்கு,
காலைக் காபிக்கு முன்பே, என் மேசையில்.
ஒன்று செய்த வேலையைத்தான் நான்கும் செய்தன.
உடம்பு பேரம் பேசக் கற்றுக்கொண்டிருந்தது.
பிறகு ஒரு மார்ச் மாதம்
புட்டியைக் கடலில் எறிந்தான், நான் பார்க்க.
எட்டு நாள் நடுங்கினான்.
காய்ச்சல் என்று கேப்டனிடம் சொன்னவன் நான்தான்.

தொண்ணூற்றெட்டு கிலோவில்
இதெல்லாம் எத்தனை கிலோ?
ஆளை எடை போடத் தெரிந்தவன் என்று
இத்தனை நாள் என்னைப் பற்றி ஒரு நினைப்பு எனக்கு.

கேப்டன் பக்கத்தில்தான் நின்றார்.
தொலைபேசியில் சொன்னேன்:
"எடுத்திருக்கிறான். இரண்டு வருடம். நிறைய.
நிறுத்தி ஒன்பது மாதம் ஆகிறது."

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம்.
"ஒன்பது மாதமா? நல்ல வேளை சொன்னீர்கள்.
மனசு பழைய அளவை மறக்காது,
உடம்பு மறந்துவிடும்.
அந்த இடைவெளியில்தான் ஆட்கள் போய்விடுகிறார்கள்.
எடை அவருடையதாக இருக்கட்டும்,
மருந்துக்கு அவர் புது ஆள்.
கொஞ்சமாகத் தொடங்குங்கள். மூச்சை எண்ணுங்கள்."

கொஞ்சமாகத் தொடங்கினேன்.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி வைத்து எண்ணினேன்.
பதினெட்டு. பதினாறு. பதினான்கு.
கேப்டன் ஒன்றும் சொல்லாமல் மேலே போனார்;
படிகளில் அவர் பூட்ஸ் வழக்கத்தைவிட மெதுவாக ஏறியது.

காட்டிக்கொடுத்தவனே என்றான் ரோக்வி.
கஞ்சப் பயலே என்றான்.
என் சூப்பைப் பற்றி ஒன்று சொன்னான்,
அதை இங்கே எழுத முடியாது.
நார்வே ஹெலிகாப்டர் வரும்வரை, மூன்று மணி நேரம்,
பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திட்டினான்.
திட்டுவதற்கு மூச்சு வேண்டும்.
ஒரு வசவையும் விடாமல் எண்ணினேன்.

அடுப்படிக்குத் திரும்பியபோது
உரித்த உருளைக்கிழங்கெல்லாம் கறுத்திருந்தது.